பொழுது சாய்ந்தால் விலை இறங்கும்

அக்கா, இந்த பெல்ட்டை எப்படி மாட்டுவது? அப்படியா. இல்லை, எனக்குப் புரிகிறது, கைதான் நடுங்குகிறது. நீங்கள் போனில் தமிழில் பேசியது காதில் விழுந்தது. அதனால்தான் கேட்டேன். இல்லாவிட்டால் புவனேஸ்வர் போய்ச் சேரும்வரை இதைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருப்பேன்.

விமானத்துக்குப் பயமா என்று கேட்கிறீர்கள். அதுவும்தான். காலையில் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்ததுதான் என் முதல் பயணம். கண்ணைத் திறக்கவே இல்லை. ஆனால் இது சின்னப் பயம். பெரிய பயம் என் அப்பா. நான் இப்போது எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அவ்வளவுதான்.

சொன்னால் தேவலாம்போல இருக்கிறது. நீங்கள் எங்கள் ஊர்ப்பக்கம் இல்லையே? சரி.

எங்களுக்கு ஒட்டன்சத்திரம். அப்பா காய்கறி மண்டி வைத்திருக்கிறார். தண்டபாணி மண்டி என்றால் கேரளாவிலிருந்து வருகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் தெரியும். நாங்கள் இரண்டு பெண்கள். மூத்தவள் வாணி, நான் ரஞ்சனி. வாணி பெங்களூரில் வேலை பார்த்தாள். அங்கே கூட வேலை பார்த்த ஒடிசாக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். தேபாசிஷ் என்று பெயர். இப்போது இரண்டு பேரும் அவருடைய ஊரான புவனேஸ்வரில்தான் இருக்கிறார்கள். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன், போனில், மெதுவாக. நேரில் பார்த்ததில்லை.

கல்யாணம் முடிந்த செய்தி வந்த அன்றைக்கு அப்பா மண்டியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தார். வாசல் குழாயைத் திறந்து, சட்டை வேட்டியோடு, தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார். தெருவே பார்த்தது. "எனக்கு ஒரே புள்ளை. கேட்டுக்கங்க" என்று சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வாணி என்ற சொல்லே கிடையாது. பழனியில் வாணி ஸ்டோர்ஸ் என்று ஒரு கடை, வருஷக்கணக்காக எங்களிடம் சரக்கு எடுக்கிறார்கள். அப்பா அதை "பழனிக்காரர் கடை" என்றுதான் சொல்வார். அந்தப் பெயரை வாயில் எடுக்கக்கூட அவருக்கு அவ்வளவு வெறுப்பு.

கல்யாணமான புதிதில் பெரியப்பா ஒரு தடவை வந்து, "பெங்களூருக்கு நாலு ஆளை அனுப்பட்டுமா தண்டபாணி?" என்று கேட்டார். அப்பா என்ன சொன்னார் தெரியுமா? "செத்தவளுக்கு எதுக்குண்ணா ஆளு? அந்தப் பேச்சோட இந்த வாசலுக்கு வராதீங்க." செத்தவள் என்றார், அக்கா. நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

கிளம்புகிறது போலிருக்கிறது. உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளட்டுமா? மன்னித்துக்கொள்ளுங்கள், நகம் பட்டுவிட்டது.

ஏறிவிட்டோமா? சரி. பேசிக்கொண்டே இருக்கிறேன், பேசினால் கீழே பார்க்கத் தோன்றாது.

நேற்றுக் காலையில் வாணி போன் செய்தாள். ஏழு மாசம் அவளுக்கு. பிபி ஏறிக்கொண்டே போகிறதாம், காலெல்லாம் வீங்கிவிட்டதாம், கண் மங்குகிறதாம். நாளைக்குள் குழந்தையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாமாவுக்கு அம்மா இல்லை. வீட்டில் பெண் என்று யாருமே இல்லை. வாணி அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "ரஞ்சி, நீ வந்து பக்கத்துல நின்னா போதும்டி. ஒருத்தராவது நம்ம வீட்டு முகமா இருக்கணும்" என்றாள்.

அடுக்களைக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா உடனே மிக்ஸியைப் போட்டுவிட்டாள். ஜாரில் ஒன்றுமே இல்லை. அழுகிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்றுதான். அந்த இரைச்சலில் என் காதோடு, "போயிட்டு வா கண்ணு. அப்பாகிட்ட பேங்க் பரீட்சைன்னு சொல்லிக்கலாம். சென்னையில, ரெண்டு மூணு நாளு" என்றாள்.

டிக்கெட் விஷயத்தில்தான் நான் புத்தி கெட்டுப்போனேன். டியூஷன் எடுத்துச் சேர்த்த பணம் எட்டாயிரம் இருந்தது. போனில் பார்த்தேன். ஏழாயிரத்துச் சொச்சம். அந்த நிமிஷமே வாங்கியிருக்க வேண்டும். சொல்லுங்கள், யாராக இருந்தாலும் வாங்கியிருப்பார்கள் இல்லையா? ஆனால் நான் மண்டிக்காரர் பெண். எங்கள் வீட்டில் கேட்ட விலைக்கு எதையும் வாங்கிய சரித்திரமே இல்லை. காலையில் தக்காளிப் பெட்டி என்ன விலை சொன்னாலும் அப்பா வாயைத் திறக்கமாட்டார். பேப்பர் படிப்பார், காது குடைவார். "பொழுது சாயட்டும். அழுகற சரக்கை எவன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போவான்? அவனே கூப்பிட்டுக் குடுப்பான்" என்பார். கூப்பிட்டுக் கொடுப்பார்கள். பாதி விலைக்கு. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.

விமானத்து சீட்டும் அழுகுகிற சரக்குதானே? பறந்துவிட்டால் காலி சீட்டுக்கு என்ன மதிப்பு? தக்காளியாவது மறுநாள் மாட்டுக்குப் போடலாம். அதனால் பொழுது சாயட்டும் என்று இருந்தேன். பெரிய வியாபாரிபோல.

மதியம் பார்த்தால் ஒன்பதாயிரம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பதினொன்று. எனக்கு வியர்த்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் சாதிக் அண்ணன் டிராவல்ஸ் வைத்திருக்கிறார். மொட்டை மாடிக்குப் போய் அவருக்குப் போன் செய்தேன். விஷயம் வெளியே போகக்கூடாது என்று கெஞ்சிவிட்டு, "எப்பண்ணே விலை இறங்கும்?" என்று கேட்டேன். மனுஷர் சிரித்தார். "ஏன் பாப்பா, ஏரோப்ளேன் என்ன உங்கப்பா மண்டியா? இங்க கடைசியில வர்றவன் எவனோ அவன்தான் ஏமாளி. சாவு, ஆஸ்பத்திரின்னு ஓடி வர்றவன் பேரம் பேசமாட்டான்னு அவனுக்குத் தெரியும். எவ்வளவு வச்சிருக்க?" எட்டு என்றேன். "பாக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

என் சிநேகிதி ஷர்மிளா ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், ஒரே போனில் திரும்பத் திரும்பப் பார்த்தால் நமக்கு அவசரம் என்று அதற்குத் தெரிந்துவிடுமாம், விலையை ஏற்றிவிடுமாம். வேறு போனில் பார்க்க வேண்டும் என்றாள். அம்மாவுடையது பட்டன் போன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு போன்.

ஆமாம். அப்பாவுடையதுதான்.

சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார். போன் மடியில் இருந்தது. பாம்புப் புற்றில் கை விடுகிற மாதிரி எடுத்தேன். அப்பாவுக்குக் குறட்டை நின்றால் எனக்கு மூச்சு நின்றது. பார்த்தேன். பதினாலாயிரம். அப்பா போனில் இன்னும் கூட! எல்லாவற்றையும் அழித்துவிட்டு மடியிலேயே வைத்தேன். அழித்தால் போய்விடும் என்றுதானே நினைப்போம்?

அப்பா எழுந்து, கண்ணாடியை மாட்டி, கேரளா விலை பார்க்கப் போனைத் திறந்தார். நான் எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏ புள்ள, இதென்ன, புவனேஸ்வர் புவனேஸ்வர்னு வந்துட்டே இருக்கு?"

"விளம்பரம்ப்பா. எல்லாருக்கும் வரும்."

"எல்லாருக்கும் புவனேஸ்வர்தான் வருமா?"

நான் கையில் இருந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன். அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். அதில் ஏரோப்ளேன் படமும் விலையும் தவிர ஒன்றும் இருந்திருக்காது. அதை எதற்கு அவ்வளவு நேரம் பார்க்க வேண்டும்? பிறகு தலையைத் தூக்காமலே அடுக்களைப் பக்கம் பார்த்து, "ருக்மணி, யாருக்காவது உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். உள்ளே ஒரு தட்டு விழுந்து உருண்டது.

எழுந்து உள்ளே போனார். மிக்ஸி ஓட ஆரம்பித்தது. ஓடுகிறது, ஓடுகிறது, நிற்கவே இல்லை. சட்னிக்குக்கூட அவ்வளவு நேரம் ஓட்டமாட்டோம். அம்மா எப்படியோ சமாளித்திருக்கிறாள், பாவம். வெளியே வந்த அப்பாவின் கண் இரண்டும் சிவந்து கிடந்தது. கோபம் வந்தால் அவருக்குக் கண் சிவக்கும். சட்டையை மாட்டினார், பொத்தானை மாற்றிப் போட்டார், மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்த நேரத்துக்கு அவர் மண்டிக்குப் போகிற வழக்கமே இல்லை. பெரியப்பாவைக் கூட்டிவரப் போகிறார் என்று நான் முடிவே செய்துவிட்டேன். கதவைத் தாழ்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் எந்த வண்டி போனாலும் எனக்கு அது அவர் வண்டி.

அம்மாவிடம், "தெரிஞ்சிருச்சாம்மா?" என்றேன். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீ துணியை எடுத்து வை" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

இங்கேதான் அக்கா, என் அதிர்ஷ்டம். பொழுது சாய்கிற நேரம். சாதிக் அண்ணன் போன் செய்தார். "பாப்பா, ஒரு சீட்டு விழுந்திருக்கு. எவனோ கேன்சல் பண்ணிட்டான். ஆறாயிரத்து ஐநூறு. உடனே வா." பார்த்தீர்களா? நான் நினைத்ததுதான் சரி! எல்லாச் சரக்கும் கடைசியில் இறங்கத்தான் செய்யும். இவர்தான் என்னைக் கேலி செய்தார்.

ஓடினேன். அண்ணன் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மேஜையில் இரண்டு டீ கிளாஸ் இருந்தது, ஒன்று குடிக்காமலே ஏடு படிந்திருந்தது. என் பெயர், பிறந்த தேதி எல்லாம் அதற்குள் அடித்து வைத்திருந்தார். "எப்படிண்ணே தெரியும்?" என்றேன். "பழைய ஃபைல்ல இருந்துச்சு" என்றார். நான் விமானத்திலேயே போனதில்லை, எந்த ஃபைலோ. ஆனால் நல்ல ஞாபகசக்திக்காரர். அந்த அவசரத்திலும், "காலையில நம்ம செல்வராசு வேன் மதுரைக்குக் காலியாத்தான் போகுது. ஏர்போர்ட்டுல விட்டுருவான்" என்றார். எனக்குத் திக்கென்றது. செல்வராசு எங்கள் மண்டிக்குச் சரக்கு ஓட்டுகிறவர். அப்பாவிடம் சொல்லிவிட்டால்? ஆனால் வேறு வழி?

என்ன கேட்டீர்கள்? இல்லை இல்லை. அப்பாவுக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தால் என்னைக் கிளம்ப விட்டிருப்பாரா?

சந்தேகம் இருந்தது, அதை நான் ஒத்துக்கொள்கிறேன். இன்று காலையில் பையோடு வாசலுக்கு வந்தேன். அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "பரீட்சை எழுதற ஊர்ல மழையாமே. போர்வை எடுத்துக்கிட்டியா?" என்றார். சென்னையில் வெயில் கொளுத்துகிறது என்று அதே பேப்பரில் போட்டிருந்தது. புவனேஸ்வரில்தான் மழை. என்னைச் சோதிக்கிறார் என்று புரிந்துவிட்டது. "எடுத்துக்கிட்டேன்ப்பா" என்றேன். குரல் கீச்சென்று வந்தது. அப்புறம் ஒரு துணிப்பையை என் பைக்குள் அவரே திணித்தார். கொடைக்கானல் மலைப்பூண்டு. நாலைந்து கிலோ இருக்கும், கூடவே கருப்பட்டி, சுக்கு. "போற இடத்துல நல்ல பூண்டு கிடைக்காது" என்றார். பரீட்சைக்குப் போகிற பெண் பூண்டை வைத்து என்ன செய்வாள்? மண்டியில் தேங்கிப்போன சரக்காக இருக்கும். இல்லை, வேண்டுமென்றே செய்திருப்பார், நான் ஏதாவது உளறுகிறேனா என்று பார்க்க. மதுரையில் பையைத் திறந்து பார்த்தார்கள், அக்கா. அந்த இடம் முழுக்க வாடை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் செத்தே போனேன்.

சிரிக்காதீர்கள். சரி, சிரியுங்கள்.

செல்வராசு அண்ணனிடமும் பரீட்சை என்றுதான் சொன்னேன். வழியில் நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுத்தார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. நான் கதவுக்கு உள்ளே போய் மறைகிறவரை வண்டியை எடுக்காமல் நின்றார். "நல்லா எழுதுங்க பாப்பா. பெரிய பாப்பாவையும் கேட்டதாச் சொல்லுங்க" என்றார். பரீட்சை ஹாலில் எந்தப் பெரிய பாப்பா? கொஞ்சம் மறதிக்காரர். என்ன பேசுகிறோம் என்று அவருக்கே தெரியாது. அதுவும் நல்லதுதான், அப்பாவிடம் கோர்வையாகச் சொல்லமாட்டார்.

இது என்ன, இப்படிக் குலுக்குகிறது? மேகமா? ஒன்றும் ஆகாதே? முருகா.

வாணியை நினைத்துக்கொள்கிறேன். சின்ன வயதில் இடி இடித்தால் அவள்தான் என் காதைப் பொத்துவாள். அவளுக்கும் பயம்தான், ஆனால் அவள் காதைப் பொத்த யாரும் இல்லை. அவளை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோவதற்குள் நான் போய்விட வேண்டும். ஒரு நிமிஷம் முகத்தைக் காட்டினால் போதும். பிபி இறங்காமல் மயக்க மருந்து கொடுத்தால் என்னென்னவோ ஆகுமாம், போனில் தேடிப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

தரை தெரிகிறது. பச்சையாக இருக்கிறது, எங்கள் ஊர்போல மலை இல்லை. இறங்கிவிட்டோமா? போனை இப்போது போடலாமா?

மாமாதான். ஒரு நிமிஷம் அக்கா. ஹலோ... யெஸ் மாமா, ரீச்டு...

இன்னும் கொண்டுபோகவில்லையாம்! நான் வந்தால்தான் போவேன் என்று பிடிவாதமாகப் படுத்திருக்கிறாளாம். டாக்டர் ஒரு மணி நேரம்தான் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரி இங்கிருந்து பக்கம்தானாம். மாமாவின் சிநேகிதர் வெளியே காரோடு நிற்கிறாராம்.

ஆனால், அக்கா. இன்னொன்று சொன்னார்.

அப்பா அவருக்குப் போன் செய்தாராம். மாமாவின் நம்பர் என்னை விட்டால் அம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. அம்மாவை என்ன மிரட்டி வாங்கினாரோ. மாமாவுக்குத் தமிழ் தெரியாது, அப்பாவுக்கு வேறு எதுவும் தெரியாது. சாதிக் அண்ணன்தான் நடுவில் நின்று பேசினாராம். அவரும் காட்டிக்கொடுத்துவிட்டார், பாருங்கள். எந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது மாடி, என்ன ரத்தம் என்று அப்பா கேட்டாராம். ரத்தம் என்று எதற்கு அக்கா கேட்கிறார்? அப்புறம் போனை வாணி காதில் வைக்கச் சொன்னாராம். வைத்தாராம். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லையாம், வெறும் மூச்சு மட்டும்தானாம். திட்டக்கூட வார்த்தை வராத அளவுக்குக் கோபம்.

சாயங்கால விமானத்தில் வருகிறார். இங்கே. அம்மாவையும் கூட்டிக்கொண்டு.

நினைத்துப் பாருங்கள். நேற்றே பதினாலாயிரம். இன்றைக்குக் கடைசி நேரத்தில் எவ்வளவு ஆகியிருக்கும்? இரண்டு பேருக்கு! கொத்தமல்லிக் கட்டுக்கு ஒரு ரூபாய் குறைக்காமல் இடத்தை விட்டு நகராத மனுஷர், அக்கா. கேட்ட விலையை அப்படியே கொடுத்து வாங்கியிருக்கிறார் என்றால் அவருக்குள் எவ்வளவு ஆத்திரம் இருக்க வேண்டும்!

வேண்டாம், தண்ணீர் வேண்டாம். நீங்கள் என்ன இப்படிப் பார்க்கிறீர்கள்? அப்பாவைத் தெரியாமல் சொல்லாதீர்கள். நீங்கள் அந்தக் குழாயடியைப் பார்த்ததில்லை.

அப்பா வருவதை வாணியிடம் சொல்லவேண்டாம் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். அவள் நிம்மதியாக உள்ளே போகட்டும். குழந்தை பிறக்கட்டும். அப்பா வருகிறபோது அந்த அறை வாசலில் நான் இருப்பேன். இதுவரை அவர் எதிரில் நான் நிமிர்ந்து நின்றதே இல்லை. இன்றைக்கு நிற்கப்போகிறேன். என்னைத் தாண்டித்தான் அவர் வாணியிடம் போக முடியும்.

கை இன்னும் நடுங்குகிறது, பார்த்தீர்களா? பரவாயில்லை. நடுங்கிக்கொண்டே நிற்பேன். கொஞ்சம் வழிவிடுங்கள், அக்கா.